நேர்த்தி என்று நான் நம்பிய பட்டினி

இதே செபக்குழுவில், இதே ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நான் இதற்கு முன் இரண்டு தரம் சாட்சி சொல்லியிருக்கிறேன். முதல் தரம், என் மகள் டிலக்சி ஜிம்னாஸ்டிக்கில் வலய மட்டத்தில் முதலாவதாக வந்தபோது. இரண்டாம் தரம், அவள் மாகாணத்திலும் இடம் பிடித்துத் தேசிய மட்டத்துக்குத் தெரிவானபோது. இரண்டு தரமும் நீங்கள் கைதட்டினீர்கள். சிலர் அழுதீர்கள். நானும் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன். அந்த இரண்டு சாட்சிகளையும் இன்றைக்கு நான் திருப்பி எடுக்கிறேன். வேண்டுமென்று பொய் சொல்லவில்லை, எனக்கு உண்மை தெரியாது. தெரியாமல் சொன்னாலும் அவை என் பிள்ளையின் உயிருக்கு உலை வைத்தன.

இன்றைக்குச் சொல்வதில் பதக்கம் ஒன்றும் இல்லை. தயவுசெய்து கைதட்ட வேண்டாம். இருந்து கேளுங்கள், அது போதும்.

அரிப்பு, முருங்கன் ஊர்களிலிருந்து புது ஆட்கள் வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு என்னைத் தெரியாது. நான் மன்னாரில் கீரிக் கிராமத்தில் இருக்கிறேன். தையல்காரி. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் பாதிப்பேரின் முதல்நன்மைச் சட்டை என் மெஷினில் தைத்ததுதான். என் மனுசனுக்குக் கடற்தொழில். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கல்யாணம் முடித்த கிழமையே அவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார், பாவம், அதற்குப் பிறகு எங்கே போவார்? எங்களுக்கு ஒரே பிள்ளை. ஏழு வருடம் மடு மாதாவிடம் நடையாய் நடந்து பெற்ற பிள்ளை.

டிலக்சி நடக்கப் பழகியதைவிடக் கரணம் அடிக்கப் பழகியது கெதி என்று நாங்கள் பகிடி விடுவோம். பின்னேரம் கடற்கரை மணலில் தலைகீழாய்ச் சுழன்றுகொண்டே போவாள். ஒன்பது வயதில் பள்ளிக்கூடத்து விளையாட்டு ரீச்சர் அதைக் கண்டு அவளை ஜிம்னாஸ்டிக்கில் சேர்த்தார். சனிக்கிழமைகளில் வெளியிலிருந்து ஒரு பயிற்றுநர் வந்தார். அவளுக்கு எல்லாவற்றிலும் பிடித்தது சமநிலைக் கட்டை. நாலு விரற்கடை அகலத்தில், ஆள் நெஞ்சு உயரத்தில் நிற்கும் மரம். அதன் மேல் நடக்க வேண்டும், குதிக்க வேண்டும், கரணம் அடிக்க வேண்டும். என் மனுசன் ஒரு பழைய வள்ளத்தின் அடிமரத்தை மணலில் பதித்து அவளுக்கு வீட்டிலேயே ஒரு கட்டை செய்து கொடுத்தார். விடியக் கடலால் வந்ததும் வலையை உதறிக்கொண்டே அவள் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

போட்டிக்குப் போடுகிற உடுப்பு உடம்போடு ஒட்டியது. அதை நான்தான் தைத்தேன். ஊர் சும்மா இருக்குமா? முழங்காலுக்கு மேலே ஒரு விரல் ஏறினாலே கதைக்கிற ஊர் எங்களுடையது. மீன் ஏலம் போடுகிற இடத்தில் ஒருத்தி எனக்குக் கேட்கத்தக்கதாகச் சொன்னாள்.

"குமர்ப்பிள்ளை ஆகப்போறாள், தாய்க்காரி தோலை உரிச்ச மாதிரி உடுப்புப் போட்டு ஆம்பிளையளுக்கு முன்னால ஆட விடுறாள்."

நான் விட்டேனா? "உன்ர கண்ணில இருக்கிற அழுக்கைக் கழுவிப்போட்டு வந்து கதை" என்று எல்லோருக்கும் முன்னால் கிழித்துவிட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அன்றைக்குத்தான் எனக்கு ஒரு எண்ணம் வந்தது. என் பிள்ளை பக்தியில் யாருக்கும் குறைந்தவள் இல்லை என்று இந்த ஊருக்குக் காட்ட வேண்டும். பக்தியான பிள்ளை என்றால் உடுப்பைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கமாட்டார்கள். சகோதரிகளே, என் அழிவு அங்கேதான் தொடங்கியது.

போன தவக்காலத்துக்கு முந்தின தவக்காலம். விபூதிப் புதனன்று பூசை முடிந்து மாதாவின் சுரூபத்துக்கு முன்னால் போய் நின்றேன். "இந்தத் தவக்காலம் முழுக்க என்ர பிள்ளை ஒருசந்தி பிடிப்பாள், நீர் வலயத்தைத் தாரும்" என்று நேர்த்தி வைத்தேன். மீனுக்கு விலை பேசுகிற மாதிரித்தான் பேசினேன். என்னுடைய ஒருசந்தி இல்லை, கவனியுங்கள். பிள்ளையுடையது. நாற்பது நாளும் ஒருநேரச் சாப்பாடு. அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. பிள்ளைகளுக்கு ஒருசந்திக் கடமை இல்லை என்று சுவாமி பிரசங்கத்தில் சொன்னது என் காதில் விழுந்தது. மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

டிலக்சி மறுக்கவில்லை. "ஓம் அம்மா" என்று உடனே சம்மதித்தாள். அப்படி உடனே சம்மதித்ததை நான் யோசித்துப் பார்த்திருக்க வேண்டும்.

பாஸ்குத் திருநாள் முடிந்து வலயப் போட்டி. முதலாமிடம். எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. அன்று நண்டுக்கறியும் சோறும் ஆக்கி வைத்தேன். அவள் கறியைத் தொட்டு நக்கிவிட்டுக் கையைக் கழுவினாள்.

"என்ன பிள்ளை, தவக்காலம் முடிஞ்சுதெல்லோ?"

"மாகாணம் முடியட்டும் அம்மா. அதுமட்டும் சோறு தொடமாட்டன் எண்டு நானே மாதாவுக்கு நேந்தனான்."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. என் பிள்ளை தானாக நேர்ந்திருக்கிறாள்! அந்தக் கிழமையே இங்கே வந்து உங்களுக்குச் சொன்னேன். நீங்கள் அவளை முன்னுக்குக் கூப்பிட்டுக் கையைப் பிடித்து முத்தமிட்டீர்கள். ஒருவர் "எங்கட சின்ன சிஸ்ரர்" என்றார். அதற்குப் பிறகு உடுப்பைப் பற்றி ஊரில் ஒரு கதை இல்லை. நான் நினைத்தது பலித்துவிட்டது.

சோறோடு நிற்கவில்லை. பிறகு மீன் போனது, பிறகு பாண் போனது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நேர்த்தி சொன்னாள். ஒன்று அந்தோனியாருக்கு, ஒன்று உத்தரிக்கிற ஆன்மாக்களுக்கு. போட்டி வலயத்திலிருந்து மாகாணத்துக்கு ஏற, நேர்த்தியும் அதோடு ஏறியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? போட்டி உடுப்பை உள்ளே பிடித்துச் சுருக்கினேன். வலயத்துக்கு முன்னால் ஒருதரம், பிறகு ஒருதரம், மாகாணத்துக்கு நாலு நாள் இருக்க இன்னொருதரம். வளருகிற வயதுப் பிள்ளைக்கு உடுப்பின் ஓரத்தைப் பிரித்து விடுவதுதான் வழமை. இருபது வருடமாக இதே தொழில் செய்கிறவள் நான், எனக்குத் தெரியாதா? ஆனாலும் ஊசியைக் குத்திக் குத்தி உள்ளே பிடித்தேன். "நல்லா உயர்ந்திட்டாள்" என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன்.

கச்சான் காற்றுக்கு மன்னாரே புழுதியும் வெக்கையுமாய்க் கிடந்த நாட்களில் அவள் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு இருந்தாள். தலையணையில் மயிர் கொட்டிக் கிடந்தது. முந்தின வருடம் பெரியபிள்ளையானவளுக்கு மாதத்துக்கு வருவது நின்றுபோனது. நாங்கள் பெண்கள்தானே இருக்கிறோம், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: அது நின்றதற்கு நான் மாதாவுக்கு நன்றி சொன்னேன். போட்டிக் காலத்தில் கரைச்சல் இல்லை என்று.

இவருக்குத்தான் முதலில் விளங்கியது. ஒருநாள் வலை பொத்திக்கொண்டிருந்தவர் ஊசியை வைத்துவிட்டுச் சொன்னார்.

"இஞ்ச பாருமப்பா, பிள்ளை கருவாடாக் காயுறாள். எனக்கு உது சரியாப் படேல்ல. டொக்டரிட்டக் காட்டுவம்."

"நேத்தியில இருக்கிற பிள்ளையை டொக்டரிட்டக் காட்டுறதோ? உங்களுக்கு விசுவாசம் இல்லை. நீங்கள் பூசைக்கு ஒழுங்கா வாற ஆளே?"

அவர் ஊசியைத் திருப்பி எடுத்துக்கொண்டார். விசுவாசம் இல்லை என்ற ஒரு சொல்லால் அந்த மனுசனின் வாயைக் கட்டினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு என்னைப் பிடித்து அறைய வேண்டும் போல இருக்கிறது.

மாகாணப் போட்டி யாழ்ப்பாணத்தில். மண்டபத்தில் மேலே கதிரையில் இருந்து பார்த்தேன். அவள் கட்டையில் ஏறி முதுகைக் காட்டி நின்றபோது முள்ளந்தண்டை எண்ணலாம் போல இருந்தது. பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, யாரென்றே தெரியாது, மெதுவாகக் கேட்டார்.

"குறை நினையாதேங்கோ தங்கச்சி. உந்தப் பிள்ளைக்கு ஏதும் வருத்தமோ?"

"உங்கட பிள்ளை எத்தினையாம் இடம்?" என்று திருப்பிக் கேட்டேன். அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். டிலக்சி கட்டையில் இரண்டாமிடம். தேசிய மட்டத்துக்குத் தெரிவு. அந்த அம்மா எரிச்சலில் கேட்டார் என்று நினைத்துக்கொண்டு வீடு வந்தேன். அவரைத் திரும்பக் கண்டால் காலில் விழுவேன்.

அதற்குப் பிறகுதான் என் இரண்டாவது சாட்சி. ஆவணித் திருவிழாவுக்கு மடுவுக்கும் கூட்டிக்கொண்டு போனேன். சனத்துக்குள் மயங்கிச் சரிந்தாள். வெயில் என்றேன். தண்ணீர் தெளித்து எழுப்பினேன். மாகாணம் முடிந்தது, நேர்த்தி முடிந்தது, இனிச் சாப்பிடு பிள்ளை என்று ஒருதரம் சொல்லிப் பார்த்தேன். "தேசியம் முடியட்டும் அம்மா" என்றாள். இன்னொருதரம் வற்புறுத்தியிருக்கலாம். ஆனால் ஊருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. வாயை மூடிக்கொண்டேன்.

தேசியப் போட்டிக்கு இரண்டு கிழமை இருந்தது. ஒரு சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும், ஒரு பிள்ளைக்குச் சட்டை அளவெடுத்துக்கொண்டிருந்தேன். பயிற்றுநர் தொலைபேசியில் கூப்பிட்டார். கட்டையிலிருந்து விழவில்லையாம். ஏறி நின்றவள் அப்படியே குந்தி, பிறகு படுத்துவிட்டாளாம். தூங்கப்போகிறவள் போல, எழுப்ப எழும்பவில்லையாம். இவர் கடலில். நான் அளவு நாடா கழுத்தில் தொங்கத் தொங்க ஓட்டோவில் ஏறி ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் பிள்ளை ஒருவர். என்ன வருத்தம் என்று என்னைக் கேட்டார்.

"வருத்தம் ஒண்டும் இல்லை டொக்டர். நேத்தி. விரதம் பிடிக்கிறாள்."

அவர் டிலக்சியின் கையைத் தூக்கி எனக்குக் காட்டினார். ஒவ்வொரு நாளும் கண்ட கைதான். நோயாளர் கட்டிலின் வெள்ளை விரிப்பில் வைத்துப் பார்க்கும்போதுதான் அது பிள்ளையின் கை இல்லை, கிழவியின் கை என்று கண்டேன்.

"அம்மா, இருதயம் சரியான மெதுவா அடிக்குது. இரத்தத்தில உப்புகள் குழம்பிப்போச்சுது. இது விரதம் இல்லை. இப்பவே யாழ்ப்பாணம் அனுப்ப வேணும். வழியில நிண்டாலும் நிண்டிடும்."

எது நிற்கும் என்று நான் கேட்கவில்லை.

அம்புலன்சில் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு போனேன். மன்னார்ப் பாலம் தாண்டியது தெரியும். அதற்குப் பிறகு பாதை முழுவதும் அவளுடைய நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருதரம் மூச்சு எழும்பப் பிந்தினால் என் உயிர் போய் வரும். செபமாலை கழுத்தில் கிடந்தது. ஒரு அருள்நிறைந்த மரியே வாயில் வரவில்லை.

நாலாம் நாள் கண் தெளிந்தாள். சேலைன் ஏறியதால் உயிர் தங்கியது. ஆனால் வாயால் ஒன்றும் எடுக்க மறுத்தாள். கஞ்சியைக் கண்டதும் உதட்டை இறுக்கிக்கொண்டாள். "நேத்தி அம்மா. முறிச்சால் குத்தம்." பெரிய டொக்டர் என்னை அழைத்து, இது மனதோடு சம்பந்தப்பட்ட வருத்தம், மனநல வைத்தியர் பார்க்க வேண்டும் என்றார்.

எனக்கு வந்ததே ஒரு கோபம்! "என்ர பிள்ளைக்கு விசர் இல்லை. அவள் மாகாணத்தில ரெண்டாம் பிள்ளை" என்று வாட்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். விசர் டொக்டரிடம் காட்டின பிள்ளை என்றால் நாளைக்கு யார் கட்டுவான் என்று என் புத்தி அந்த நேரத்திலும் கணக்குப் போட்டது. கட்டிலில் உயிர் ஊசலாடுகிறது, தாய்க்காரி மாப்பிள்ளை தேடுகிறாள்.

எனக்குத் தெரிந்த ஒரே வழியைப் பிடித்தேன். எங்கள் பங்குச் சுவாமிக்குத் தொலைபேசி எடுத்து, "சுவாமி, நீங்கள் வந்து நேத்தியை அவிழ்த்துவிட்டால் பிள்ளை சாப்பிடுவாள்" என்றேன். பாவம் சுவாமி, அடுத்த நாளே பஸ்சில் வந்தார். அவளைக் கண்டதும் அவருடைய முகம் கறுத்துப்போனது. என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

"உங்களை ஆர் இப்பிடி நேரச் சொன்னது? ஆண்டவர் எப்ப உங்களிட்டப் பிள்ளையின்ர சாப்பாட்டைக் கேட்டவர்?"

அவர் கதிரையை இழுத்துப்போட்டு அவளுடைய தலையில் கைவைத்துச் செபித்தார். பிறகு தெளிவாகச் சொன்னார்.

"பிள்ளை, அம்மா நேந்ததும் நீ நேந்ததும், எல்லாத்தையும் நான் அவிழ்த்துவிடுறன். இனி உனக்கு ஒரு கடனும் இல்லை. ஒரு குத்தமும் வராது. நீ சாப்பிடலாம்."

"ஓம் சுவாமி" என்றாள் டிலக்சி.

சுவாமி போனதும் கஞ்சியை எடுத்துக்கொண்டு போனேன். அவள் கோப்பையைப் பார்த்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

சகோதரிகளே, என் நம்பிக்கை முழுவதும் செத்த நேரம் அதுதான். பூட்டு நேர்த்தி என்று நினைத்தேன். சாவியோடு சுவாமி வந்தார், திறந்தார். பிறகும் கதவு திறக்கவில்லை. அப்படியென்றால் பூட்டு வேறு எதுவோ. அது என்னவென்று பெற்ற எனக்கே தெரியாது.

மத்தியானம். சாப்பாட்டு வண்டி போன பிறகு வாட்டுக்கு வெளியே, நோயாளருடைய ஆட்கள் கோப்பை கழுவுகிற தண்ணீர்ப் பைப்படியில் போய் நின்றேன். ஊற்றின கஞ்சி வழிந்து காலில் பட்டது. அங்கே நின்று நான் மாதாவோடு சண்டை பிடித்தேன். செபித்தேன் என்று சொல்லமாட்டேன், சண்டைதான்.

"உமக்கு நான் என்ன குறை வைச்சனான்? கேட்ட வலயத்தைத் தந்தீர், மாகாணத்தைத் தந்தீர், பேந்து இப்ப பிள்ளையைக் கேக்கிறீரோ? ஏழு வருசம் என்னை நடக்க விட்டுத் தந்தது இதுக்கோ?" பக்கத்தில் கோப்பை கழுவிய ஆள் விலகிப் போய்விட்டார், விசர் என்று நினைத்திருப்பார். திட்டித் திட்டிக் களைத்து, அந்த ஈரத்திலேயே குந்திவிட்டேன். கடைசியில் என் வாயிலிருந்து வந்தது இவ்வளவுதான். "எனக்குத் தேசியம் வேண்டாம். ஊர்ப் பேர் வேண்டாம். என்ர பிள்ளைக்கு என்ன எண்டு எனக்குக் காட்டும் தாயே. எவ்வளவு நொந்தாலும் காட்டும்."

என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான் பதிலுக்கு ஒன்றும் தருவதாகச் சொல்லாமல் கேட்டேன்.

திரும்பிப் போனேன். சேலை நனைந்து காலோடு ஒட்டியது. அவளுடைய கட்டிலோரம் இருந்து, சாப்பிடு என்று சொல்லாமல் சும்மா காலைத் தடவினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவளாகவே வாய் திறந்தாள்.

"அம்மா, நான் மாதாவுக்காகச் சாப்பிடாமல் விடேல்ல."

நான் காலைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

"நேத்தி எண்டு சொன்னால் ஒருத்தரும் பேந்து கேக்கமாட்டினம். நீங்களும் சந்தோசப்படுவியள். அதாலதான் சொன்னனான். இப்ப சுவாமி அவிழ்த்துவிட்டிட்டார். பேந்தும் ஏலாமல் கிடக்கு. ஒரு கரண்டி வாயில வைச்சாலே பயமாக் கிடக்கு அம்மா. எனக்கு நிப்பாட்டத் தெரியேல்ல."

எனக்கு இரத்தம் தலைக்கு ஏறியது. "ஆர் உனக்கு உடம்பைப் பற்றிக் கதைச்சது? அந்தப் பயிற்றுநரோ? சொல்லு, நான் அவனைத் துலைக்கிறன்."

"அவரும் பகிடியாக் கட்டை முறிஞ்சிடும் எண்டு சொன்னவர்தான்." போர்வையை நெஞ்சுவரை இழுத்துக்கொண்டாள். "ஆனால் முதல் சொன்னது நீங்கள் அம்மா."

"நானோ?"

"முதல் உடுப்புத் தைக்கேக்க. வாயில குண்டூசியை வைச்சுக்கொண்டு என்ர இடுப்பைப் பிடிச்சுச் சொன்னனீங்கள், இதில சதை கொஞ்சம் குறைஞ்சால் உடுப்பு வடிவா நிக்கும் எண்டு. பேந்து நீங்கள் ஒவ்வொருதரம் உள்ளுக்குப் பிடிக்கேக்கையும் நல்லா வந்திட்டுது எண்டு சிரிச்சனீங்கள்."

எனக்கு நினைவில்லை. சத்தியமாய் நினைவில்லை. ஏனென்றால் அதை நான் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன். அளவெடுக்கும்போது வருகிற வாய்ப்பேச்சு. காசுக்குச் சட்டை தைக்க வந்த பிள்ளைகள் கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். என் பிள்ளை அதை உடம்புக்குள் எடுத்துக்கொண்டு இரண்டு வருடம் நடந்திருக்கிறாள்.

காட்டும் என்று கேட்டேன். மாதா காட்டினார். கண்ணாடியைப் பிடித்து என் வாயையே காட்டினார். ஐயோ, அதைவிட என்னை அந்தப் பைப்படியிலேயே கொன்றிருக்கலாம் என்று இருந்தது. அவளுடைய காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். மன்னித்துக்கொள் பிள்ளை என்று கேட்டேன். என் தாய் என்னிடம் ஒருநாளும் மன்னிப்புக் கேட்டதில்லை, அப்படி ஒரு தாய் பிள்ளையிடம் கேட்கலாம் என்றே எனக்குத் தெரியாது. அவள் "அழாதேங்கோ அம்மா, எல்லாரும் பாக்கினம்" என்றாள்.

பிறகு, "டொக்டரிட்ட நீங்கள் சொல்லுங்கோ. எனக்கு வெக்கமாக் கிடக்கு" என்றாள்.

நான் போய்ச் சொன்னேன். நான் கத்தின அதே டொக்டரிடம் போய், குண்டூசியில் தொடங்கி ஒன்றுவிடாமல் சொன்னேன். மனநல வைத்தியரைக் கூப்பிடுங்கோ என்று நானே கேட்டேன். அந்த வைத்தியர் வந்து அவளோடு ஒரு மணித்தியாலம் கதைத்தார். அன்று பின்னேரம் டிலக்சி மூன்று கரண்டி கஞ்சி குடித்தாள். ஒவ்வொரு கரண்டிக்கும் நடுவில் அழுதாள். நான் எண்ணவில்லை, தாதி சொன்னதுதான்.

பலர் என்னைக் கேட்டார்கள், செபத்தால் சுகமானதா, வைத்தியத்தால் சுகமானதா என்று. நான் சொல்வது இதுதான். நான் வைத்தியத்துக்குக் குறுக்கே படுத்துக்கிடந்தேன். என்னை அங்கிருந்து எழுப்பியது செபம். மருந்து கொடுக்கவும் கஞ்சி பருக்கவும் ஆண்டவர் ஆட்களை வைத்திருந்தார், எனக்கு அவர்களைக் காணக் கண் இருக்கவில்லை.

கதை அங்கே முடிந்திருந்தால் நல்லாயிருக்கும். முடியவில்லை. தேசியப் போட்டி நடந்த அன்று அவள் வாட்டில் படுத்திருந்தாள். இரண்டு மாதம் கழித்து வீட்டுக்கு வந்தோம். கிளினிக், மருந்து, ஒவ்வொரு நேரச் சாப்பாட்டுக்கும் யாராவது பக்கத்தில். சில நாள் தட்டுப் பறந்தது. சில நாள் என்னைப் பார்த்து, "நீங்கள் என்னைச் சாக விட்டிருக்கலாம்" என்றாள். அப்போதெல்லாம் இவர்தான் அவளோடு மணலில் போய் இருப்பார். ஒன்றும் கதைக்கமாட்டார். நான் அவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். "சரி விடு, இப்ப பாத்துக்கொள்ளுவம்" என்றார். அந்த மனுசனுக்கு விசுவாசம் இல்லை என்று சொன்னவள் நான்.

பயிற்றுநரையும் போய்க் கண்டேன். நான் அங்கே பேசிய பேச்சு ஆலய வளவில் சொல்லக்கூடியது இல்லை. ஆனால் கடைசியில், "தம்பி, நீங்கள் ரெண்டாம் ஆள், நான்தான் முதல்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் அழுதுவிட்டார்.

இப்போது அவளுக்குப் பதினாலு வயது. முழுச் சுகம் என்று சொல்லமாட்டேன், வைத்தியரும் சொல்லவில்லை. இன்னும் வருடம் எடுக்கும் என்கிறார். இருதயம் ஒழுங்காக அடிக்கிறது. பள்ளிக்கூடம் போகிறாள். ஜிம்னாஸ்டிக்கைத் திரும்பத் தொடங்குவதா என்பதை அவளும் வைத்தியரும் பார்த்துக்கொள்வார்கள், நான் கேட்பதில்லை. என் மெஷின் ஓடுகிறது. அளவெடுக்கும்போது வாயே திறப்பதில்லை. எனக்கு அது எவ்வளவு பெரிய தவம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்கு விளங்கும்.

இங்கே இருக்கிற தாய்மாரே, உங்கள் பிள்ளையும் ஏதோ ஒரு மட்டத்துக்கு ஏறிக்கொண்டிருக்கும். புலமைப்பரிசில், பாட்டு, ஓட்டம், ஏதோ ஒன்று. அதற்காகச் செபியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பிள்ளையின் உடம்பை வைத்துக் கடவுளோடு பேரம் பேசாதீர்கள். நேர்த்தி என்று சொல்லித் தட்டைத் தள்ளுகிற பிள்ளையின் கையை முத்தமிடாதீர்கள், வைத்தியரிடம் கொண்டுபோங்கள். எனக்குத் தந்தது போல உங்களுக்கும் ஆண்டவர் காட்டித் தருவார். கேளுங்கள். நோகும். நொந்தாலும் கேளுங்கள், பிள்ளை உயிரோடு இருப்பாள்.

போன ஞாயிறு பூசை முடிந்து வந்து மூன்று பேரும் சாப்பிட்டோம். வைத்தியர் எழுதித் தந்த அளவை அவள் முடித்தாள். நான் கோப்பையை எடுக்க எழும்பினேன். "அம்மா, சொதி இன்னும் கிடக்கே?" என்று கேட்டாள். கிடக்கு என்று மட்டும் சொன்னேன், பெரிதாகக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். ஊற்றினேன். இவர் தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குள் வைக்கவில்லை. அந்த ஒரு அகப்பைச் சொதிக்கு நன்றி சொல்லத்தான் நான் இன்றைக்கு வந்தேன்.

முடிவுச் செபத்துக்கு நான் நிற்கமாட்டேன், குறை நினைக்காதீர்கள். பன்னிரண்டரைக்கு அவளுக்குச் சாப்பாடு. தனியே சாப்பிட இன்னும் பயப்படுகிறாள். நான் போய்ப் பக்கத்தில் இருக்க வேண்டும்.